யாரும் இல்லாத தண்ணி

பார்க்க வேண்டிய ஆவணப்படங்கள் சொல்லு என்று
யாராவது கேட்டால்
ஏழெட்டுப் பெயர் கடகடவென்று வரும்.
ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன்.
அதில் என் பெயர் இருக்கிறது,
கடைசியில், சின்ன எழுத்தில்,
ஒலிப்பதிவு என்பதற்கு நேரே.

மஸ்கெலியாவுக்கு மேலே
ஒரு தோட்டத்தின் பெரட்டுக் களத்தில்
அந்தப் படத்தைப் போட்டோம்.
இரண்டு வெள்ளை வேட்டி சேர்த்துத் தைத்த திரை.
கோயில் கமிட்டியின் ஜெனரேட்டர்.
ஏழு மணிக்குப் பனி இறங்கி
ஒளிக்குள் புகுந்தது.
திரைக்குப் போய்ச் சேருமுன்னே
பாதி முகங்கள்
சனத்தின் தலைக்கு மேல் விழுந்தன.

கொழும்பில் கைதட்டிய இடத்தில்
இங்கே யாரோ இருமினார்கள்.
கொழுந்து நிறுக்கையில் தராசு முள் நடுங்கும்
அந்தக் கிட்டத்துக் காட்சி,
நாலு நாட்டில் பேசப்பட்டது,
அது வந்ததும்
"அந்தா, மணி!" என்று ஒரே சத்தம்.
கணக்கப்பிள்ளையின் காலுக்குப் பின்னால்
ஒரு செவலை நாய்
மூன்று விநாடி வாலாட்டிப் போகிறது.
வெட்டும்போது நாங்கள் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை.
"திருப்பிப் போடு" என்றார்கள்.
நாலு தரம் போட்டான் ஜெயரூபன்.
போன மழைக்குச் செத்த நாயாம்.

படம் முடிந்து
தவமலர் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.
படத்தில் அதிகம் பேசுகிறவள் அவள்தான்.
கோப்பையை என் கையில் தந்துவிட்டுக் கேட்டாள்:
"நான் பீலிக்கரையில சொன்னது எங்க?"

அன்றைக்கு
அவள் சட்டைக் கழுத்தில் மைக் குத்தியிருந்தேன்.
நிரை முடிந்ததும் படங்கை அவிழ்த்தாள்,
மைக்கை மறந்து பீலிக்குப் போனாள்.
கேமரா எதிர் மலையில் இருந்தது.
என் இரண்டு காதுக்குள் மட்டும்
பதினான்கு நிமிடம்.
குவைத்துக்குப் போன தங்கச்சியின் பெயர் மூன்று தரம்.
ஏஜென்டின் பெயர் ஒரு தரம், அப்பன் பெயரோடு.
திறக்க விடாத பெட்டி.
இடையிடையே
கல்லில் துணி அடிக்கும் சத்தம்.

இயக்குநர் கேட்டால் எடுத்துக்கொள்வார் என்று
அன்று ராவே அழித்தேன்.
அவள் மானம், அவள் துக்கம்,
திருட நான் யார்?
இதைப் பற்றி ஒரு பயிலரங்கில்
பேசியும் இருக்கிறேன்.
பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள்.

"மறந்துட்டு வந்தீங்கன்னு நெனச்சேன்க்கா."

"மறக்கவா?
இடுப்புல கட்டிவிட்ட பெட்டி சுட்டுக்கிட்டே இருந்துச்சு.
சின்னதா லைட்டும் எரிஞ்சுச்சு.
மனுசருக்கிட்ட சொல்ல ஏலாதுன்னுதான்
அதுக்கிட்ட சொன்னேன்.
மிச்சமெல்லாம்
நீங்க கேட்டதுக்குச் சொன்னது."

பைக்குள் ரெக்கார்டர் இருந்தது.
மின்கலம் முழுசாக இருந்தது.
"இப்ப சொல்றீங்களா?" என்றேன்.
கேட்ட பிறகுதான்
என் குரல் எனக்குக் கேட்டது.

"அது அன்னைக்கு வந்துச்சு" என்றாள்.
கோப்பை காலியாகும் வரை நின்றாள்,
வாங்கிக்கொண்டு போனாள்.
அந்தப் பக்கம் பிள்ளைகள்
மறுபடியும் மணியைக் கேட்டார்கள்.
மறுபடியும் பனிக்குள் வாலாட்டியது.

எங்கேயாவது அந்தப் படம் ஓடினால் போய்ப் பாருங்கள்,
நல்ல படம்தான்.
பெயர்கள் ஓடும்போது மட்டும் எழும்பிவிடாதீர்கள்.
இருட்டில் பீலித் தண்ணி விழும்.
என்ன துல்லியம் என்று
ஒருவர் எழுதியிருந்தார்.
மறுநாள் விடியமுன்னே
துணி துவைக்க ஒருத்தரும் வருமுன்னே போய்
நான் பதிந்தது.
யாரும் இல்லாத தண்ணி.